காலி வீட்டை ஒப்படைப்புக்குத் தயார்செய்தல்: கிளீவ்லாந்தில் ஒரு குளிர்கால வேலை

ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரில், ஸ்லாவிக் வில்லேஜ் பகுதியில் நாங்கள் எடுத்துச் செய்த காலி வீடு, நீண்ட இழுபறிக்குப் பிறகு, அரசின் வீட்டுவசதித் துறைக்கு ஒப்படைக்கத்தக்க நிலையில் உள்ளது என்ற குறிப்பைப் பெற்று எங்கள் கையை விட்டுப் போயிருக்கிறது. 1920களில் கட்டப்பட்ட மரச்சட்ட வீடு அது. கீழே நிலவறை, அதன்மேல் தரைத்தளம், மாடியில் இரண்டு படுக்கையறைகள், பின்புறம் தனியாக நிற்கும் கராஜ். அடமானக் கடன் தவணை நின்றுபோனதால் ஃபோர்குளோஷர் என்னும் அடமான மீட்பு வழக்குக்கு உள்ளாகி, கவுன்டி ஷெரிஃப் நடத்திய ஏலத்தில் கடன் கொடுத்த தரப்பே அதை எடுத்திருந்தது. 2007, 2008ஆம் ஆண்டுகளின் கடன் நெருக்கடியில் நாடெங்கும் பேசப்பட்ட பகுதி என்பதால், காலி வீடுகளைப் பூட்டிப் பராமரிப்பது இங்கே ஒரு தனித் தொழிலாகவே வேரூன்றிவிட்டது. எந்த வரிசையில் எதைச் செய்தோம், எங்கே வேலை திசைமாறியது, எதற்கு எவ்வளவு ஆனது என்பதை, இத்தொழிலுக்குள் வர நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

வேலையின் கெடுபிடி எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும். இந்த வீட்டின் கடனுக்கு, 1934இல் தொடங்கப்பட்ட எஃப்.எச்.ஏ. என்னும் கூட்டாட்சி வீட்டுவசதி அமைப்பின் காப்பீடு இருந்தது. அத்தகைய கடன் மூழ்கும்போது, வங்கி வீட்டைத் தன்வசப்படுத்தி, ஹட் என்று எல்லோரும் அழைக்கும் வீட்டுவசதித் துறைக்கு உரிமையை மாற்றிக் கொடுத்துக் காப்பீட்டுத் தொகையைக் கோரலாம். ஆனால் வீடு பூட்டிப் பாதுகாக்கப்பட்டதாக, குப்பை நீக்கிப் பெருக்கப்பட்டதாக, குழாய்கள் உறையாதபடி குளிர்காலத்துக்குக் காப்புச் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். தெளிவான உரிமையும் வசமும் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் மாற்றிக் கொடுத்துவிடவும் வேண்டும். தீ, வெள்ளம், நிலநடுக்கம், சூறாவளி ஆகியவற்றால் நேர்ந்த சேதத்தையும், வங்கியின் கவனக்குறைவால் நேர்ந்த சேதத்தையும் ஹட் தன் தலையில் ஏற்றுக்கொள்ளாது. குளிரில் குழாய் உறைந்து வெடித்தால் அது பெரும்பாலும் கவனக்குறைவுக் கணக்கில்தான் சேரும். ஆகவே வங்கி தன் பராமரிப்பு நிறுவனத்தை நெருக்குகிறது, அது வட்டார நிறுவனத்தை நெருக்குகிறது, அந்த நெருக்கடி கடைசியில் குழாய்க்குறடு பிடித்திருக்கும் எங்களிடம் வந்து நிற்கிறது. இப்போதெல்லாம் பல வீடுகள் ஹட்டுக்குப் போகாமலேயே ஏலத்தில் மூன்றாம் தரப்புக்கு விற்கப்பட்டுவிடுகின்றன. இந்த வீட்டுக்கு அந்த யோகம் இல்லை.

முதல் வேலை, உள்ளே யாரும் குடியிருக்கவில்லை என்பதை உறுதிசெய்வது. கதவைத் தட்டுவதோடு இது முடிவதில்லை. மின் மீட்டர் ஓடுகிறதா, தபால் பெட்டி நிரம்பி வழிகிறதா, பனியில் புதிய காலடித் தடம் இருக்கிறதா என்று பார்த்து ஒவ்வொன்றையும் படமெடுக்க வேண்டும். வாடகைக்குக் குடியிருப்பவர் ஒருவர் உள்ளே இருந்தால் கதை வேறு. 2009இல் வந்து 2018இல் நிரந்தரமாக்கப்பட்ட கூட்டாட்சிச் சட்டப்படி, அவருக்குக் குறைந்தது 90 நாள் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். இந்த வீட்டில் மீட்டர் அசையவில்லை, தபால் பெட்டியில் பழைய விளம்பரத் தாள்கள் நனைந்து ஒட்டிக்கிடந்தன. அசையாத மீட்டரை ஆள் இல்லாததற்கு அடையாளமாகக் குறித்துக்கொண்டோம். அதற்கு இன்னொரு பொருளும் இருந்தது நிலவறைக்கு இறங்கியபோதுதான் புரிந்தது.

பூட்டு மாற்றுவது எளிது. வசம் வங்கிக்கு வந்துவிட்டதால் எல்லா வெளிக்கதவுகளையும் ஒரே சாவிக் குறியீட்டுக்கு மாற்றச் சொல்லி வேலை ஆணை வந்திருந்தது. பூட்டு ஒன்றுக்குப் பதினைந்து டாலருக்குள் ஆனது, சாவிப் பெட்டி தனி. பழைய கதவுகளில் பூட்டுத் துளை இன்றைய அளவைவிடச் சிறியதாக இருக்கும் என்பதால், இரண்டே அரைக்கால் அங்குலத் துளைவாளும் நல்ல உளியும் இல்லாமல் போகக் கூடாது. பூட்டைப் பொருத்தியபின் சாவி பூட்டுக்குள் திரும்பியிருக்கும் நிலையில் ஒரு படம் எடுக்க வேண்டும். புதுப் பூட்டின் படம் மட்டும் இருந்தால் அந்தச் சாவி அதைத் திறக்கும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள், கேட்டிருக்கிறார்கள்.

பின்பக்கம் இரண்டு சன்னல்கள் உடைந்திருந்தன. முன்பெல்லாம் பிளைவுட் பலகையை வெட்டி அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். 2017இல் நடைமுறைக்கு வந்த ஒஹாயோ சட்டம், காலியாகக் கைவிடப்பட்டதாகத் தீர்மானிக்கப்பட்ட வீடுகளைப் பிளைவுட்டால் அடைப்பதைத் தடுத்துவிட்டது. அடமானக் கடன்களை வாங்கும் ஃபேனி மே நிறுவனமும் அதற்குச் சற்று முன்பே ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட் தகட்டின் பக்கம் சாய்ந்துவிட்டது. எங்கள் ஆணையும் அதையே கேட்டது. தகட்டின் விலை பிளைவுட்டைப் போலப் பல மடங்கு. நான்கடிக்கு எட்டடித் தகடு ஒன்றுக்கு நூறு டாலருக்கு மேல் கொடுத்தோம். ஆனால் தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அது சாதாரணக் கண்ணாடிச் சன்னலாகவே தெரிகிறது, உள்ளே வெளிச்சமும் வருகிறது. பலகை அடித்த வீடுதான் செம்புக் குழாய் திருடுபவரை வாவென்று அழைக்கிறது என்பது என் கருத்து.

சன்னல் திறப்பு 34க்கு 62 அங்குலம். தகட்டைச் சுற்றிலும் ஓரங்குலம் கூட்டி, 36க்கு 64 என்று வெட்டினோம். நுண்பல் கொண்ட கார்பைடு அலகை வட்ட வாளில் மாட்டி, பாதுகாப்புத் தாளை உரிக்காமலே வெட்டினால் விளிம்பு உருகி ஒட்டாது. போல்ட் துளைகளைப் போல்ட்டின் விட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாகப் போட வேண்டும், ஏனென்றால் பாலிகார்பனேட் வெயிலில் நன்றாகவே விரியும். துளை இறுக்கமாக இருந்தால் கோடையில் தகடு வளைந்து வீங்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வழுவழுப்பான தலை கொண்ட கேரியேஜ் போல்ட்டைச் செலுத்தி, உள்ளே இரண்டுக்கு நான்கு மரச்சட்டத்தில் நட்டைப் பிடித்தோம். வெளியே குறடு பிடிக்க எதுவும் இல்லாததால் கழற்ற முடியாது. நிலவறையின் சிறு சன்னல் ஒன்றுக்குத் தகடு வீண் என்று தோன்றியதால் புதுக் கண்ணாடியே போட்டோம்.

நிலவறைதான் இந்த வீட்டின் உண்மையான வேலை. படிக்கட்டின் கடைசிப் படி தண்ணீருக்குள் இருந்தது. தெருவிலிருந்து மின் இணைப்பு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எங்களுக்கு முன்பு ஒருவர் குளிர்காலக் காப்பு செய்துவிட்டுப் போகும்போது, மெயின் பிரேக்கரையே அணைத்துவிட்டுப் போயிருந்தார். மூலைக் குழியில் ஊறும் நீரை வெளியேற்றும் பம்ப்பும் அத்தோடு நின்றுபோனது. இங்கே மண் களிமண், நிலவறைச் சுவர்களைச் சுற்றி எப்போதும் ஈரம். பம்ப் நின்றால் மழையும் உருகும் பனியும் நேராக உள்ளே வந்துவிடும். சமையலறை, விளக்குகள் என்று மற்றெல்லா பிரேக்கர்களையும் அணைக்கலாம். குழிப் பம்ப்பின் பிரேக்கரை மட்டும் ஓட விட்டு, அதன்மேல் அணைக்காதே என்று ஒட்டிவிட வேண்டும். காப்பு வேலையின் பட்டியலில் இது ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரி விடுபட்டதன் விலையை இனி வரும் பத்திகளில் பார்க்கலாம்.

நிற்கும் தண்ணீரில் காலை வைப்பதற்கு முன், தாழ்வாக இருக்கும் பிளக் துளைகள் நனைந்திருக்கின்றனவா என்று பார்ப்பதும், மெயின் அணைந்தே இருக்கிறது என்பதைச் சோதனைக் கருவியால் உறுதிசெய்வதும் கட்டாயம். நாங்கள் எங்கள் ஜெனரேட்டரை வெளியே வைத்து, அரை குதிரைத்திறன் நீர்மூழ்கிப் பம்ப் ஒன்றை இறக்கினோம். நிலவறை 24க்கு 26 அடி, தண்ணீர் ஐந்து அங்குலம். அதாவது 260 கன அடி, ஏறத்தாழ 7,400 லிட்டர். தோட்டக் குழாயை மாட்டியிருந்ததால் பம்ப்பின் மேல் எழுதியிருந்த வேகத்தில் பாதிகூட வரவில்லை. ஒன்றரை அங்குல விட்டமுள்ள வெளியேற்றுக் குழாய்க்கு மாறியபின்தான் மட்டம் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது. இறைக்கும் முன்பு சுவரோரமாக அளவுகோலை நிறுத்தி எடுத்த படம் பின்னால் மிகவும் உதவியது: நீர் எவ்வளவு உயரம் நின்றது, நாங்கள் போவதற்கு முன்பே நின்றது என்ற இரண்டையும் அந்த ஒரு படம் சொன்னது.

பழைய குழிப் பம்ப் துருப்பிடித்து இறுகியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு குதிரைத்திறன் கொண்ட புதிய பம்ப், நீரைத் திரும்ப விடாத வால்வு, குழாய்த் துண்டுகள் எல்லாம் சேர்த்து 190 டாலர் வந்தது. பம்ப்பைப் பொருத்தியபின் குழிக்குள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, மிதவை மேலெழுந்து சுவிட்ச் தானாக ஓடி நிற்பதை வீடியோவாக எடுத்தோம். வெளியேற்றுக் குழாயின் வாய் வீட்டுச் சுவரை ஒட்டியே தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்ததால், சரிவு கொடுத்து ஆறடி நீட்டினோம். சமமாக விட்டால் குழாய்க்குள் தேங்கும் நீர் உறைந்து அடைத்துக்கொள்ளும், பம்ப் அதை எதிர்த்து ஓடியே கருகிவிடும்.

அடுத்தது குளிர்காலக் காப்பு. ஏற்கெனவே ஒருவர் செய்திருந்தாலும், அது தாங்குகிறதா என்று பரிசோதித்து, தேவைப்பட்டால் மீண்டும் செய்யச் சொல்லி ஆணை. தத்துவம் எளிது: குழாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீரும் மிஞ்சக் கூடாது, வெளியேற்ற வழியில்லாத வளைவுகளில் உறையாத திரவம் இருக்க வேண்டும். தெருப்பக்க வால்வு மூடியிருக்கிறதா என்று பார்த்து, நிலவறையில் மெயின் வால்வை மூடினோம். வாட்டர் ஹீட்டரின் எரிவாயுவை அணைத்து, அடியிலுள்ள வடிகுழாயில் தோட்டக் குழாயை மாட்டினோம். நாற்பது கேலன் தொட்டி. அடியில் சேர்ந்திருந்த சுண்ணாம்புப் படிவு வாயை அடைத்துக்கொண்டதால் நீர் நூலாகத்தான் வந்தது. கம்ப்ரசரிலிருந்து அந்த வாய்க்குள்ளேயே எதிர்த்திசையில் காற்றை ஒருமுறை அடித்ததும் படிவு கலங்கி வழிவிட்டது. முன்னால் வந்தவர் இந்தத் தொட்டியைக் காலிசெய்யவே இல்லை என்பதும் அப்போது தெரிந்தது. மேலே மட்டும் காப்புச் செய்யப்பட்டது என்ற ஸ்டிக்கர் அழகாக ஒட்டியிருந்தது.

கம்ப்ரசரைத் துணி துவைக்கும் இயந்திரத்தின் குளிர்நீர்க் குழாயில் இணைத்து, மாடியில் மிகத் தொலைவிலுள்ள குழாயில் தொடங்கி, ஒவ்வொன்றாகத் திறந்து, நீர்த்திவலை நின்று வெறும் காற்று வரும்வரை ஊதினோம். எங்களிடம் இருந்தது ஆறு கேலன் தொட்டி கொண்ட சிறிய கம்ப்ரசர். அழுத்தத்துக்குக் குறைவில்லை, ஆனால் கொள்ளளவு போதாது. ஒரு குழாயை ஊதி முடிப்பதற்குள் தொட்டி காலியாகி, மோட்டார் மறுபடி நிரப்பும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இடைவெளியில் மேலே ஏறிய நீர் மீண்டும் கீழே இறங்கிவிடும். இரண்டு மாடி வீட்டுக்கு இருபது கேலன் கம்ப்ரசர் வேண்டும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

அதன்பிறகு அழுத்தச் சோதனை. எல்லாக் குழாய்களையும் மூடி, 35 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தில் காற்றை நிறுத்தி, 30 நிமிடம் அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, தொடக்கத்திலும் முடிவிலும் நேரத்தோடு கேஜை, அதாவது அழுத்தமானியை, படமெடுக்க வேண்டும் என்பது ஆணை. எங்கள் கேஜ் பத்து நிமிடத்தில் 28க்கு வந்துவிட்டது. பின்சுவரில் தோட்டத்துக்கென இருந்த வெளிக்குழாயின் உடல் நீளவாக்கில் பிளந்திருப்பது கண்ணுக்கே தெரிந்ததால், காரணம் கிடைத்துவிட்டது என்று அதை வெட்டியெடுத்துப் புதிதாகப் பற்றவைத்தோம். மீண்டும் சோதித்தால் பத்து நிமிடத்தில் 31. ஒரு கசிவு அடைபட்டது, இன்னொன்று எங்கோ இருக்கிறது.

இங்கே வேலை கொஞ்சம் திசைமாறியது. சமையலறைச் சுவருக்குப் பின்னால் செல்லும் குழாய் வெளிச்சுவரில் இருப்பதால் அதுவே உறைந்திருக்கும் என்று என்னுடன் வேலைசெய்யும் குழாய்ப் பணியாளர் கருதினார். அவர் கருதியதில் தவறில்லை, பத்து வீட்டில் ஒன்பதில் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்தச் சுவர் மரப்பட்டைமேல் சுண்ணாம்பு பூசிய பழைய சுவர், 1978க்கு முந்தைய வீடாதலால் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை வெட்டினால் தூசியை அடக்கி வெட்டுவதற்கான சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிகள் வேறு வந்து சேரும். எனவே வெட்டுவதற்கு முன் குழாய் அமைப்பைப் பிரித்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தோம். வாட்டர் ஹீட்டரின் நுழைவு வால்வை மூடிச் சுடுநீர்ப் பக்கத்தைத் துண்டித்தோம். இறக்கம் தொடர்ந்தது, ஆகவே கசிவு குளிர்நீர்ப் பக்கம். மாடிக்கு ஏறும் கிளையையும் சமையலறைக் கிளையையும் தனித்தனியாக மூடினோம். அப்போதும் கேஜ் இறங்கியது. சமையலறைச் சுவர் தப்பியது. மிஞ்சியது நிலவறைக்குள்ளேயே ஓடும் முதன்மைக் குழாய் மட்டுமே, அதுவோ முழுக்கக் கண்ணுக்குத் தெரியும் குழாய். சோப்பு நீர் தடவி ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தும் ஒரு குமிழியும் வரவில்லை.

கசிவு இருந்த இடம் சூடேற்றும் ஃபர்னஸின் பின்பக்கம். வீட்டுக் காற்றுக்கு ஈரம் ஊட்டும் ஹியூமிடிஃபையர் ஒன்று ஃபர்னஸில் பொருத்தப்பட்டிருந்தது. அதற்குத் தண்ணீர் கொண்டுபோகும் கால் அங்குலக் குழாய், முதன்மைக் குழாயின்மேல் கவ்விப் பிடித்துத் துளையிடும் சிறு ஊசி வால்வு ஒன்றிலிருந்து பிரிந்து சென்றது. அந்தக் கால் அங்குல பிளாஸ்டிக் குழாய் தகரக் காற்றுப்பாதைக்குப் பின்னால் உறைந்து பிளந்திருந்தது. ஊசி வால்வை மூடியும் அழுத்தம் சிறிது கசிந்ததால், முதன்மைக் குழாயின் அந்தத் துண்டையே நான்கு அங்குலம் வெட்டியெடுத்து, இரண்டு கப்ளிங் போட்டு நேர்க்குழாயாக்கிவிட்டோம். பொருட்செலவு ஒன்பது டாலர். இதைக் கண்டுபிடிக்கத்தான் அத்தனை நேரம் போனது.

கேஜைப் பற்றி ஒரு சிறு குறிப்பும் சேர்த்துவிடுகிறேன். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று சூடாக இருக்கும். உறைந்துகிடக்கும் வீட்டுக் குழாய்க்குள் அது குளிரும்போது, கசிவே இல்லாவிட்டாலும் அழுத்தம் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. இறங்கும். எனவே அழுத்தம் ஏற்றியபின் பத்து நிமிடம் விட்டு, மீண்டும் 35க்குச் சரிசெய்து, அதன்பிறகே முதல் படத்தை எடுக்க வேண்டும். இதைச் செய்யாததால் நல்ல குழாய்களையே சந்தேகித்துத் திரிபவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த முறை 30 நிமிடம் முள் அசையவில்லை.

உறையாத திரவத்துக்கு இளஞ்சிவப்பு நிற புரொப்பிலீன் கிளைக்கால் மட்டுமே. கார் ரேடியேட்டருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அதைக் கழிவுக்குழாயில் ஊற்றக் கூடாது. இந்த வீட்டுக்கு மூன்று கேலன் போதுமானதாக இருந்தது, கேலன் ஐந்து டாலருக்குள். கைகழுவும் தொட்டிகள், குளியல் தொட்டி, நிலவறைத் தரை வடிகால், துணிதுவைக்கும் இயந்திரத்தின் கழிவுக்குழாய் ஆகியவற்றின் வளைவுகளில் ஊற்றினோம். கழிப்பறையில் கிண்ணத்திலும் மேல்தொட்டியிலும் மிஞ்சிய நீரைக் கடற்பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு ஊற்ற வேண்டும். மிஞ்சிய நீரோடு கலந்தால் திரவம் நீர்த்து, உறையும் வெப்பநிலை மேலேறிவிடும். மெயின் வால்வின் கைப்பிடியைப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டி, ஒவ்வொரு குழாய்க்கும் கழிப்பறைக்கும் தேதியிட்ட ஸ்டிக்கர் ஒட்டியதும் அந்தப் பகுதி முடிந்தது.

குப்பை அகற்றும் வேலையில் உடலுழைப்பைவிடக் கணக்குதான் அதிகம். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை அடியில் அளந்து பெருக்கி 27ஆல் வகுத்தால் கன கெஜம். கூடத்தில் இருந்த குவியல் 12க்கு 9க்கு 3, அதாவது 12 கன கெஜம், மாடியறையில் 4, நிலவறையில் 15க்கு 9க்கு 3, அதாவது 15, கராஜில் 8. மொத்தம் 39 கன கெஜம் என்று ஒவ்வொரு குவியலிலும் அளவு நாடாவை வைத்துப் படமெடுத்து மதிப்பீடு அனுப்பினோம். ஒப்புதலும் வந்தது. ஆனால் பணம் தரும்போது அவர்கள் பார்ப்பது குவியலின் படத்தை அல்ல, டிரெய்லரின் படத்தை. எங்கள் டிரெய்லர் 12க்கு 6 அடி, பக்கத் தடுப்பு 3 அடி உயரம்; நிரம்பினால் 8 கன கெஜம். தளர்வாகக் குவிந்திருந்த சோபாக்களும் அலமாரிகளும் உடைத்து அடுக்கும்போது சுருங்கிவிட்டன. நான்கு முழு நடையும் ஒரு கால் நடையும், ஆக 34. மீதி ஐந்தை வெட்டிவிட்டார்கள். அவர்கள்மேல் குறைசொல்ல முடியாது, அது அளவுக்கான பணம்தான்; ஆனால் இனி மதிப்பீடு எழுதும்போதே அடுக்கினால் எவ்வளவு வரும் என்று கண்ணால் சுருக்கிப் பார்த்து எழுதுவதே நல்லது, இல்லாவிட்டால் வராத பணத்தை நம்பி ஆள் வைத்துவிடுவோம்.

இதைவிடக் கடித்தது வேறொன்று. எங்களுக்குப் பணம் கன அளவுக்கு. குப்பைமேட்டில் நாங்கள் கட்டுவது எடைக்கு, அப்போது டன்னுக்கு ஐம்பது டாலரை ஒட்டி இருந்தது. நிலவறையில் ஊறிக்கிடந்த கம்பளமும் மெத்தையும் அட்டைப் பெட்டிகளும் காய்ந்த நிலையில் இருப்பதைவிடப் பல மடங்கு கனத்தன. மெயின் பிரேக்கரை யாரோ அணைத்ததற்கு நாங்கள் குப்பைமேட்டின் எடைமேடையில் பணம் கட்டினோம் என்பதே இதன் சுருக்கம். தண்ணீரை இறைத்தபின் இரண்டு விசிறிகளும் ஈரமுறிஞ்சியும் வைத்து ஓட விட்டு, கம்பளத்தைச் சுருட்டிச் சாய்த்து வைத்திருந்தால் எடையில் பாதியாவது வடிந்திருக்கும்.

தனியாகக் கணக்கிடப்படுபவை வேறு. டயர்கள் ஒவ்வொன்றாக எண்ணப்படும். பெயின்ட் டப்பாக்களில் நீர்ச்சார்ந்தவற்றைப் பூனை மணல் கொட்டி இறுகச் செய்து சாதாரணக் குப்பையில் போடலாம். எண்ணெய்ச் சார்ந்தவற்றுக்கு அபாயக் கழிவு மையத்தில் பணம் கட்டியாக வேண்டும், குடியிருப்பவர்களுக்கான இலவசச் சேகரிப்பு ஒப்பந்தக்காரர்களுக்குக் கிடையாது. குளிர்பதனப் பெட்டியின் வாயுவை, தூய காற்றுச் சட்டத்தின் 608ஆம் பிரிவுப்படி காற்றில் விடாமல் உரிய கருவியால் எடுக்க வேண்டும். அதை எடுக்க எந்த ஏற்பாடும் இல்லாமல் பழைய இரும்பாகத் தள்ளிவிடுவது சட்டவிரோதம். அதன் கதவைத் திறக்காமல் சுற்றிலும் ஒட்டுநாடா சுற்றி வெளியே கொண்டுபோவது நம் நுரையீரலுக்கு நாமே செய்துகொள்ளும் நன்மை. பள்ளிச் சான்றிதழ்கள், குடும்பப் படங்கள், சமூகப் பாதுகாப்பு எண் உள்ள காகிதங்கள் குப்பையோடு கலந்து கிடந்தன. அவற்றை ஒரு பெட்டியில் தனியே வைத்து, படமெடுத்து, என்ன செய்வதென்று கேட்டு எழுதினோம். குப்பை என்று சொல்லி அதற்கும் கன கெஜம் போட்டுவிடுபவர்கள் இத்தொழிலில் இருக்கிறார்கள் என்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத விஷயம்.

சிறு பழுதுகளுக்கு ஆணை தானாக வராது. நாம்தான் படத்தோடும் விலையோடும் மதிப்பீடு அனுப்ப வேண்டும். 2016ஆம் ஆண்டின் அறிவிப்பு ஒன்றின் மூலம் ஹட் ஒரு வீட்டுக்கான பராமரிப்புச் செலவு வரம்பை 2,500 டாலரிலிருந்து 5,000 டாலராக உயர்த்தியது. அதற்கு மேல் போனால் வங்கி முன்கூட்டியே தனி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதால், மதிப்பீட்டைப் பார்ப்பவர்களின் கை அங்கே எப்போதும் இறுகும். நாங்கள் அனுப்பியவற்றில் நிலவறைப் படிக்கட்டுக்குக் கைப்பிடி, உலர்த்தி இருந்த இடத்தில் திறந்து கிடந்த எரிவாயுக் குழாய்க்குப் பித்தளை மூடி, தொங்கிக்கொண்டிருந்த மின்கம்பிகளுக்குத் திருகு மூடியும் பெட்டி மூடியும் ஆகிய மூன்றும் கேள்வியே இல்லாமல் வந்தன. ஆபத்து என்று படத்திலேயே தெரிவதை யாரும் மறுப்பதில்லை.

கூரைக் கசிவுக்குத்தான் இழுத்தார்கள். மாடிக் குளியலறைக் கூரையில் ஈரத் தழும்பு இருந்தது. முதலில் தார்ப்பாய் விரிக்க மட்டும் ஒப்புதல் வந்தது. ஆனால் தார்ப்பாய் தற்காலிகம், அதை வைத்துக்கொண்டு வீட்டை ஒப்படைக்க முனைந்தால் மீண்டும் நம்மிடமே திரும்பி வரும். பனி உருகிய ஒரு பகலில் மேலேறிப் பார்த்தபோது, கழிவுக் காற்றுக் குழாயைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் வெடித்திருந்தது தெரிந்தது. புது வளையம் பதினைந்து டாலர், சுற்றிலும் ஏழெட்டு ஓடுகள், ஒரு டியூப் ஒட்டுப்பசை. வெடிப்பின் அருகில் விரலை வைத்து எடுத்த நெருக்கப் படத்தை அனுப்பியதும், தார்ப்பாயின் விலையைவிடப் பழுதின் விலை குறைவு என்பதால் உடனே ஒப்புதல் கிடைத்தது. தூரத்திலிருந்து எடுத்த கூரைப் படத்தை மட்டும் அனுப்பியிருந்ததே அதுவரை நடந்த இழுபறிக்குக் காரணம்.

நிலவறைச் சுவரின் கீழ்ப்பகுதியில் இரண்டடி உயரத்துக்குப் பூஞ்சைக் கறை படர்ந்திருந்தது. ஈரமுறிஞ்சியை ஓட விட்டு, காய்ந்தபின் துலக்கி, கறைமறைப்புப் பூச்சு அடித்தோம். ஈரம் வற்றுவதற்குள் பூச்சு அடித்தால் ஒரு வாரத்தில் உரிந்துவிடும். ஊசிமுனை கொண்ட ஈரமானி முப்பது டாலர்தான், அதை வைத்துப் பார்த்த பிறகே தூரிகையை எடுத்தோம்.

இறுதிப் படங்கள் எடுப்பது ஒரு தனி நாள் வேலை என்று ஒதுக்கிக்கொள்வது நல்லது. தெருப்பலகை, கதவு எண், நான்கு பக்கச் சுவர்கள், ஒவ்வொரு அறையும் எதிரெதிர் மூலைகளிலிருந்து, ஒவ்வொரு அலமாரியின் உட்பக்கம், பரண், கராஜ், ஓடிக்கொண்டிருக்கும் பம்ப், அழுத்தக் கேஜ், இயங்கும் நிலையிலுள்ள பம்ப் பிரேக்கர், ஸ்டிக்கர்கள். வேலைக்கு முன் எடுத்த படத்தின் அதே மூலையிலிருந்து, அதே உயரத்தில் எடுக்க வேண்டும். கோணம் மாறினால், பார்ப்பவர் இதை வேறு அறை என்று சொல்லித் திருப்பி அனுப்புவார். முதல் நாளே ஒவ்வொரு அறையிலும் நின்ற இடத்தில் தரையில் ஒட்டுநாடாத் துண்டு ஒட்டிவைத்தது இங்கே பலன் தந்தது. பெருக்கும்போது ஆணிகளும் கண்ணாடித் துகள்களும் கம்பளத்தின் ஓரப் பட்டைகளில் மாட்டிக்கொண்டிருக்கும் என்பதால், அந்தப் பட்டைகளையும் நெம்பி எடுத்துவிட்டுத்தான் பெருக்க வேண்டும்.

குறிப்புக் கிடைத்த பிறகும் வீடு உடனே கைமாறுவதில்லை. காலி வீட்டை 25 முதல் 35 நாட்களுக்கு ஒருமுறை பார்வையிட வேண்டும் என்பது ஹட்டின் விதி, உரிமை மாறும்வரை அது தொடரும். அப்படி ஒரு பார்வையில் யாராவது உள்ளே புகுந்திருந்தாலோ, பம்ப் நின்றிருந்தாலோ, கொடுத்த குறிப்பு செல்லாது. அதனால் பம்ப்பின் குழியில் மட்டம் ஏறினால் கத்தும் பேட்டரி எச்சரிக்கை மணி ஒன்றை எங்கள் செலவில், பன்னிரண்டு டாலருக்கு, வைத்துவிட்டு வந்தோம். காலி வீட்டில் அது கத்தி யாருக்குக் கேட்கும் என்று உடன் வந்தவர் கேட்டார். பக்கத்து வீட்டு முதியவர் தனக்குக் கேட்கும் என்றும், கேட்டால் சொல்வதாகவும் தாமே சொல்லியிருந்தார்.

அடுத்த வீட்டுக்கு மாற்றப்போவது இவை. வண்டியில் இருபது கேலன் கம்ப்ரசர் இருக்கும், இரண்டாவது கேஜ் ஒன்றும் இருக்கும். ஒரு கேஜ் பொய் சொன்னால் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. அழுத்தச் சோதனைக்கு முன்பே ஃபர்னஸ் ஹியூமிடிஃபையர், குளிர்பதனப் பெட்டியின் பனிக்கட்டிக் குழாய் ஆகிய இரண்டின் இணைப்புகளையும் தேடிப் பிடித்துத் துண்டித்துவிடுவோம், ஏனென்றால் இவை இரண்டும் குழாய் வரைபடத்தில் யாருக்கும் நினைவுக்கு வராத கிளைகள். நிலவறையில் தண்ணீர் நின்றிருந்தால், நனைந்த குப்பைக்கு எடைக் கட்டணத்தைத் தனி வரியாக மதிப்பீட்டிலேயே கேட்போம். மறுத்தால் விசிறி வைத்துக் காயவிட்டு ஏற்றுவோம்.